ஒரே குழாய்த் தண்ணீரில் காகிதப்பூவும் புல்தரையும்

பினாங்கு சுங்கை ஆராவில் அக்கா வீடு. இரட்டை மாடி வரிசை வீடுகளில் கடைசி, கார்னர் லாட். வடக்குப் பார்த்த வாசல். கார் போர்ச்சுக்குப் பக்கத்தில் 5 மீட்டருக்கு 3 மீட்டர் புல்தரை. கிழக்கே, வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் 3 மீட்டர் அகலத்தில் சிமெண்டு போட்ட சந்து. புல்தரையில், ஹால் ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டிக் காகிதப்பூத் தொட்டிகள் வரிசையாக நின்றன.

புல் சோகை பிடித்தாற்போல் வெளிறி, நடுநடுவே பாசி படர்ந்திருந்தது. காகிதப்பூ நேரெதிர். ஜன்னல் உயரம் தாண்டிக் கரும்பச்சையாகத் தழைத்திருந்தது. ஆனால் பூ இல்லை. "ஜூன், ஜூலையில ஏதோ பேருக்கு நாலு பூக்கும். தைப்பூசத்துக்கு ஊரெல்லாம் பூத்துக் கிடக்கும்போது நம்ம வீட்டுல மட்டும் வெறும் இலை" என்பது அக்காவின் புகார். அத்தான் தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்து இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் அடிப்பார். உரமும் ஒரே மூட்டையிலிருந்துதான். கவனிப்பில் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே கவனிப்பு என்பதுதான் சிக்கல்.

புல்தரையில் நாம் வளர்ப்பது இலை. வெட்ட வெட்ட இலை வர வேண்டும், அதற்குத் தண்ணீரும் தழைச்சத்தும் தடங்கலில்லாமல் கிடைக்க வேண்டும். காகிதப்பூவில் நமக்கு வேண்டியது கிளை நுனியில் வரும் நிறம். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் அது இலையும் முள்ளும் கொடியுமாக ஓடிக்கொண்டே இருக்கும், பூப்பதைப் பற்றி யோசிக்காது. கொஞ்சம் காயப்போட்டால்தான் வழிக்கு வரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு முன்முற்றத்தை மொத்தமாகப் பிரித்துச் செய்த வேலை இது.

முதலில் தொட்டியை நகர்த்திப் பார்த்தேன், நகரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தபோது காரணம் தெரிந்தது. அடித்துளை வழியாக விரல் தடிமனில் வேர் வெளியேறி நேராகத் தரைக்குள் இறங்கியிருந்தது. பக்கத்துத் தொட்டியிலும் அதே கதை. பார்க்கத்தான் தொட்டிச் செடி, உண்மையில் தரைச் செடி. புல்லுக்கு ஊற்றும் தண்ணீரையும் புல்லுக்குத் தூவும் உரத்தையும் கீழே இருந்து எடுத்துக்கொண்டிருந்தது. தொட்டிக்கு ஊற்றுவதை நிறுத்தினாலும் அதற்கு ஒரு கவலையும் இல்லை. மண்மேல் நேராக வைத்த காகிதப்பூத் தொட்டி எந்த வீட்டில் இருந்தாலும் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.

அடித்தண்டிலும் ஒரு சேதம் இருந்தது. மாதம் ஒருமுறை வரும் புல்வெட்டும் ஆள் தோளில் மாட்டும் மெஷினால் தொட்டி ஓரம்வரை ஓட்டுவார். தரையோரம் படர்ந்து தொங்கிய கிளைகளை நைலான் கயிறு பட்டையோடு உரித்திருந்தது. மரப்பட்டைக்கு உள்பக்கமாகத்தான் இலையில் தயாராகும் உணவு வேருக்குப் போகிறது. வட்டமாகப் பட்டை போய்விட்டால் அந்தக் கிளை மெல்ல முடிந்துவிடும். புல்லுக்கு மெஷின் படுவது பிழைப்பு, காகிதப்பூவுக்கு அதே மெஷின் படுவது காயம். தண்டைச் சுற்றி ஓர் அடியாவது புல் இல்லாமல் விட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து வெயில். பலரும் மண்ணிலிருந்து தொடங்குவார்கள். நான் எப்போதும் நிழலிலிருந்துதான் தொடங்குவேன். மண்ணை மாற்றலாம், வீட்டைத் திருப்பி வைக்க முடியாதே.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஐந்தரை டிகிரியில் இருக்கிறது. அதனால் உச்சிச் சூரியன் நமக்கு ஒரே பக்கம் நிற்பதில்லை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை தலைக்கு வடக்கே போகும். மற்ற மாதங்களில் தெற்கே. ஜூன் கடைசியில் வடக்கே 18 டிகிரி, டிசம்பர் கடைசியில் தெற்கே 29 டிகிரி சாய்வு. அக்கா வீடு வடக்குப் பார்த்தது, கூரை விளிம்பு சுமார் 6 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் டிசம்பர் உச்சியில் வீட்டின் நிழல் முன்பக்கம் 3.3 மீட்டர் நீளத்துக்கு விழும். புல்தரையின் அகலமே 3 மீட்டர்தான்! சுவரை ஒட்டிய தொட்டிகளின் நிலைமை இன்னும் மோசம். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் தெற்குப் பக்கமாகவே நடப்பதால், வடக்குச் சுவரின் அடியில் நேர்வெயில் ஒரு நிமிடம்கூடப் படாது.

இப்போது அக்காவின் புகாரைத் திரும்பப் படியுங்கள். ஜூன், ஜூலையில் நாலு பூ, தைப்பூசத்துக்கு ஒன்றுமில்லை. காகிதப்பூவுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும், அதற்குக் குறைந்தால் பேச்சே இல்லை. பினாங்கில் மழை குறைவது டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரிவரை. காயும் காலம் அதுதான், காகிதப்பூ நிறம் காட்டும் காலமும் அதுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும் நாட்களில் சாலையோரக் காகிதப்பூ இளஞ்சிவப்பும் ஊதாவுமாய்க் கொட்டிக் கிடப்பதும், அதே நேரம் திடல்களில் புல் மஞ்சளடிப்பதும் ஒரே வறட்சியின் இரண்டு விளைவுகள். அக்கா வீட்டுத் தொட்டிகளோ சரியாக அந்த மாதங்களில்தான் வீட்டு நிழலுக்குள் உட்கார்ந்திருந்தன.

நீண்ட இரவு காகிதப்பூவைப் பூக்கத் தூண்டும் என்று வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் எழுதியிருக்கும். குளிர்நாடுகளில் அது பெரிய விஷயம். இங்கே ஆண்டின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். நம் ஊரில் இரவின் நீளத்தைவிட வெயிலும் வறட்சியும்தான் அதிகம் பேசும்.

கிழக்கே இருக்கும் சந்துப் பக்கம் பார்த்தேன். வேலிக்கு அப்பால் சாலை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. காலை வெயில் நேராக விழும். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டு நிழல் சந்தின் அகலத்தைக் கடந்து வேலியைத் தொடும்போது கடிகாரத்தில் மூன்று மணி ஆகிவிடும். மூன்று மணியா என்று யோசிக்க வேண்டாம். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. ஆக, தெளிந்த நாளில் வேலியோரத்துக்கு ஏழு மணி நேர வெயில், அதுவும் வருடம் முழுக்க. கீழே சிமெண்டு, வேர் இறங்கவும் வழியில்லை. காகிதப்பூவுக்கு இதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை. துணி காயப்போடும் கொடி அங்கேதான் கட்டியிருந்தது. அதைப் பின்கட்டுக்கு மாற்ற அக்காவைச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த மொத்த வேலையிலும் கடினமான பகுதி.

சரி, முன்னால் புல் மட்டும். எந்தப் புல்? இருந்தது பிலிப்பைன் புல். சன்னமான இலை, பாய் விரித்தாற்போல் அடர்த்தி, பார்க்க அழகு. நம் பக்கத்துக் கடலோர மணலில் தானாகவே வளரும் வகை அது. உப்பும் வெயிலும் தாங்கும், கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் சமாளிக்கும். நீடித்த நிழல்தான் ஆகாது. வருடத்தில் பாதி நாள் வீட்டு நிழலில் கிடந்தால் அது மெலியும், அந்த இடைவெளியில் பாசி வரும். வந்துவிட்டது.

மாற்று, கவ் கிராஸ். அகன்ற இலை, தரையோடு ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர். புளிப்பு மண், சத்துக் குறைந்த மண், பாதி நிழல் எல்லாம் அதற்குச் சம்மதம். தண்ணீர்மலைப் பக்கம் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மரத்தடிப் புல்லைக் குனிந்து பார்த்தால் இந்த அகன்ற இலைதான் கண்ணில் படும். வறட்சி மட்டும் தாங்காது, முதலில் மஞ்சளாவது அதுதான். அக்காவுக்கு அதன் மேல் இளக்காரம். "ஸ்கூல் திடல்ல இருக்கிற புல்லை எதுக்கு வீட்டுல போடணும்?" என்றார். பேரப்பிள்ளைகள் பந்து விளையாட அந்தத் திடல் புல்தான் லாயக்கு என்றதும் பேச்சு முடிந்தது. இலை சிறுத்த பேர்ள் கிராஸ் என்ற வகையும் நர்சரியில் கிடைக்கிறது, பார்க்கக் கொஞ்சம் நாகரிகமாக இருக்கும். 15 சதுர மீட்டருக்கு விலை வித்தியாசம் கட்டுப்படியாகவில்லை.

மண்ணைத் தோண்டியபோது வழக்கமான கதை. மேலே நாலு விரற்கடை மண், கீழே செங்கல் துண்டு, உடைந்த ஓடு, காய்ந்த சிமெண்டுக் கட்டி. வீடு கட்டி முடித்துக் குப்பையை அங்கேயே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓர் அடி ஆழக் குழி வெட்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, ராத்திரி மறுபடி நிரப்பினேன். காலையில் பாதிக் குழி தண்ணீர் அப்படியே நின்றது. கவ் கிராஸ் ஈரம் விரும்பும் என்றாலும் இந்த அளவு தேங்கினால் வேருக்குக் காற்று போகாது. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்தி, கையில் கிடைத்த இடிபாடுகளையெல்லாம் மூட்டை கட்டினேன். ஆற்று மணலும் கறுப்பு மண்ணும் கலந்து பரப்பி, வீட்டுச் சுவரிலிருந்து லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கமாக மெல்லிய சரிவு கொடுத்தேன். 3 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம், கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

சுண்ணாம்பு போடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து யோசனை சொன்னார். பொதுவாக நம் நாட்டு மண் புளிப்பு, காய்கறி போடுபவர்கள் டோலமைட் சுண்ணாம்பு தூவுவது சரிதான். ஆனால் சிமெண்டுத் துண்டு கிடக்கும் இடத்தில் மண் ஏற்கெனவே காரம். கவ் கிராஸும் காகிதப்பூவும் லேசான புளிப்பையே விரும்புபவை. காரமான மண்ணில் காகிதப்பூவால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே கட்சி. சுண்ணாம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கொத்தும்போது கோரைக்கிழங்கு நிறைய வந்தது. மேலே இலையைப் பிடுங்கினால் கீழே கிழங்கு அறுந்து இன்னும் நாலாக முளைக்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். தொட்டாற்சிணுங்கியையும் வேரோடு எடுத்தேன், வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளுக்கு அது ஆகாது. கேட்டருகே வெயில் படும் மூலையில் மட்டும் அருகம்புல் ஒரு கொத்து தானாக இருந்தது. அதை எடுக்கப் போனபோது அக்கா தடுத்தார், பிள்ளையாருக்கு வேண்டுமாம். அருகு நிழலுக்குள் வராது, அந்த மூலையைத் தாண்டாது என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

புல்லைப் பலகை பலகையாக நெருக்கி வைத்தேன். நடுவில் இடைவெளி விட்டுத் திட்டுத்திட்டாக வைத்தால் செலவு பாதியாகும், ஓடும் தண்டு பரவி மூடிக்கொள்ளும். ஆனால் அதற்குள் மழையும் கோரையும் முந்திக்கொள்ளும். சின்ன இடத்துக்கு நெருக்கி வைப்பதே மேல். செங்கல் அடுக்குவதுபோல் இணைப்புகள் நேர்க்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்து, மேலே பலகை போட்டு ஏறி நின்று அழுத்தினேன். அடியில் காற்று இடைவெளி இருந்தால் அந்த இடம் காய்ந்துவிடும். காலை மாலை தண்ணீர். ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் வராமல் தரையோடு பிடித்துக்கொள்ளும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். பிடித்து ஒரு மாதம்வரை உரம் வேண்டாம்.

காகிதப்பூவைத் தொட்டியிலிருந்து எடுப்பது வேறு ரகம். அதன் சின்ன வேர்கள் சுலபமாக ஒடியும். செம்பருத்தியைப் போல் மண்ணை உதறிவிட்டு நட்டால் பிழைப்பது சந்தேகம். வேர்க்கட்டி உடையாமல் தொட்டியை ஓரமாகத் தட்டி உருவ வேண்டும். தரைக்குள் போன தடித்த வேரைத் தொட்டியோடு சமமாக அறுத்தேன். அதுவரை செடி குடித்த தண்ணீரில் பெரும்பங்கு அந்த வேர் வழியாகத்தான் வந்திருக்கும். குடிக்கும் வாயைக் குறைத்தால் வியர்க்கும் இலையையும் குறைக்க வேண்டும். அதனால் கிளைகளைப் பாதியாகக் கழித்தேன். பட்டை உரிந்தவை அடியோடு போயின. முழங்கைவரை சாக்கைச் சுற்றிக்கொண்டும் முள் கீறத்தான் செய்தது.

மண் கலவை புல்லுக்குப் போட்டதற்கு எதிர். நர்சரியில் விற்கும் சுட்ட மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு கைப்பிடி. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியில் ஓட வேண்டும். தொட்டியையும் பெரிதாக மாற்றவில்லை. பழைய அளவைவிட இரண்டு அங்குலம்தான் கூடுதல். வேருக்கு இடம் நெருக்கடியாக இருந்தால்தான் இந்தச் செடி பூக்க நினைக்கும். பெரிய தொட்டியில் வைத்தால் முதலில் வேரையும் இலையையும் பரப்பவே போய்விடும். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் மூன்று செங்கல். தட்டு வைக்கவில்லை. வேருக்கும் நல்லது, ஏடிஸ் கொசுவுக்கும் இடமில்லை. புதுத் தளிர் எட்டிப்பார்க்கும்வரை போர்ச் நிழலில் வைத்திருந்து, பிறகு வேலியோரத்துக்கு நகர்த்தினேன்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம், அத்தானோடு தகராறு இங்கேதான். பிடித்து வளர்ந்த புல்லுக்கு மழையில்லாத வாரத்தில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். 15 சதுர மீட்டருக்கு வாரம் 375 லிட்டர். அதைத் தினமும் தெளிப்பதைவிட வாரத்தில் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து ஆழமாகக் கொடுத்தால் வேர் கீழே போகும். மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நிற்கும், இரண்டு நாள் வெயிலுக்குச் சுருண்டுவிடும். எவ்வளவு விழுகிறது என்று தெரிய, காலி சார்டின் டின்களைப் புல்லில் அங்கங்கே வைத்து ஸ்கேலால் அளந்தோம். அத்தான் தினமும் அடித்த தண்ணீர் டின் அடியை நனைக்கக்கூட இல்லை. புல் வெளிறியதில் நிழலுக்கு ஒரு பங்கு என்றால் இதற்கும் ஒரு பங்கு உண்டு. மழைக்கும் அதே டின் உதவும். அக்டோபர் மழையில் ஒரே மாலையில் வாரத் தேவை நிரம்பிவிடும், அந்த வாரம் குழாயைத் தொட வேண்டாம்.

காகிதப்பூவுக்கு அளவே வேறு. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடியில் வழியும்வரை ஊற்ற வேண்டும். ஈரம் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். பூக்க வைக்கும் காலத்தில் இன்னும் கறார். இலை லேசாகத் தொங்கும்வரை விட்டு, பிறகு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர், மறுபடி காயப்போடுவது. இப்படிச் சில வாரம். கிளை நுனியில் நிறம் எட்டிப்பார்த்ததும் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் வந்த நிறமும் உதிரும். நாம் பூ என்று சொல்வது நிறம் மாறிய இலைதான். அந்த வண்ண இலைகள் மூன்றுக்கும் நடுவில் குச்சி மாதிரி வெளுப்பாக நிற்பதுதான் உண்மையான பூ.

"தண்ணி ஊத்தாம செடி எப்படித் தம்பி வளரும்? வாடுதே, பார்க்க மனசு கேக்கலை" என்றார் அத்தான். வளர வேண்டாம் அத்தான், பூத்தால் போதும் என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு. தொட்டி ஓரத்தில் சிவப்புத் துணிக் கிளிப் மாட்டியிருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. விரல் வைத்துப் பார்த்து மாட்டுவதும் எடுப்பதும் அக்காவின் வேலை. ஹோஸ் முன்பக்கக் குழாயிலேயே இருக்கிறது, சந்துவரை எட்டாத நீளத்துக்கு வெட்டிவிட்டேன். சந்துக்கு வாளியும் குவளையும்தான்.

உர மூட்டையில் இருக்கும் எண்களைப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. இதுவரை இரண்டுக்கும் போட்டது பச்சை நிற உரம், 15-15-15. புல்லுக்கு அது தாராளம். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்று வைத்தால் இந்த உரத்தில் 33 கிராம், மொத்தத் தரைக்கும் அரைக் கிலோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழை தூறப்போகும் மாலையில் தூவினால் போதும், வெயிலில் ஈர இலைமேல் விழுந்தால் கருகும். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. அதைப் பயன்படுத்தினால் சதுர மீட்டருக்கு 11 கிராம்தான். கை தாராளமாகிவிடும் என்று எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காகிதப்பூவுக்கு நீல உரம், 12-12-17-2. தழைச்சத்து கம்மி, சாம்பல்சத்து கூடுதல், கடைசி 2 மக்னீசியம். தொட்டிக்கு மாதம் ஒரு மேசைக்கரண்டி, தண்டிலிருந்து தள்ளி ஓரமாக. காயப்போடும் வாரங்களில் அதுவும் இல்லை.

வெட்டுவதிலும் இரண்டும் எதிரெதிர். புல்லின் வளரும் இடம் தரையோரம் இருக்கிறது. மேலே இலையை அறுத்தால் கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும். மாடு மேய்ந்தாலும் மெஷின் ஓடினாலும் பிழைப்பது அதனால்தான். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் சரி. கவ் கிராஸை 5 சென்டிமீட்டரில் வைத்திருக்க நினைத்தால், ஏழரை ஆனதும் வெட்ட வேண்டும். மாதம் ஒருமுறை வரும் ஆள் அது 12, 15 சென்டிமீட்டர் ஆன பிறகு தரையோடு வழிப்பார். பச்சை எல்லாம் போய் வைக்கோல் நிறத் தண்டு மட்டும் மிஞ்சும், அது மறுபடி தேறுவதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். அவரை நிறுத்திவிட்டு, கையால் தள்ளும் உருளை மெஷின் ஒன்று வாங்கினோம். இந்த அளவு இடத்துக்கு மோட்டார் தேவையே இல்லை, மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை தள்ளினால் போதும்.

காகிதப்பூ வளர்வதும் பூப்பதும் கிளை நுனியில், அதுவும் புதுக் கிளையில். எப்போது வேண்டுமானாலும் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தால் பூவையும் சேர்த்துக் கிள்ளுகிறோம் என்று அர்த்தம். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் வெட்ட வேண்டும். நேராக வானத்துக்கு ஓடும் தடித்த தண்டுகளை முதலில் எடுக்க வேண்டும், அவை இலைக்கும் முள்ளுக்கும் பிறந்தவை. மிச்சத்தை இரண்டு மூன்று கணு விட்டுக் குறைத்தால் பக்கக் கிளை பெருகும், நுனி பெருகும், பூ பெருகும். தைக்கு நிறம் வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர் மழையிலேயே வெட்டி முடித்து, தளிர் முற்ற நேரம் கொடுத்து, மழை ஓய்ந்ததும் காயப்போட வேண்டும். மழை கொட்டும் மாதங்களில் திறந்த வெளியில் என்ன செய்தாலும் காய வைக்க முடியாது. அந்தக் காலத்தில் பூ கேட்டுச் செடியோடு சண்டை போடுவது வீண்.

ஜனவரி வெயிலில் வேலியோரம் நிறம் வந்தது. முதலில் ஆரஞ்சு வகை, அப்புறம் ஊதா. வெள்ளைக்காரன் மாதிரி வெளுத்த வகை ஒன்று இருந்தது, அது கடைசிவரை நாலைந்து கொத்தோடு நிறுத்திக்கொண்டது. வகைக்கு வகை வேகம் வேறு, அதை வற்புறுத்தவில்லை. ஒரு தொட்டியில் எறும்பு ஏறுவதைப் பார்த்துக் கிளை இடுக்கைத் தேடினால் மாவுப்பூச்சி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, பாத்திரம் கழுவும் சோப்பை நீர்க்கக் கரைத்துத் தெளித்ததில் அடங்கியது. எறும்பின் பாதையைத் துடைத்து மறிக்காவிட்டால் மறுபடி வரும். மாவுப்பூச்சியை எறும்புதான் சுமந்து வந்து குடியேற்றுகிறது.

முன்னால் புல், அதே ஜனவரியில், சுவர் நிழலில் பச்சை மாறாமல் இருந்தது. வீட்டு நிழல் அந்த மாதங்களில் கவ் கிராஸுக்குக் குடை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கேட் பக்கம் வெயில் படும் ஓரம் மட்டும் கொஞ்சம் மஞ்சளடித்தது, அங்கே டின் கணக்கில் தண்ணீர் கூட்டியதும் திரும்பியது. கோரை அங்கங்கே தலை நீட்டுகிறது, பார்க்கும்போதெல்லாம் அக்கா பழைய தோசைத் திருப்பியால் தோண்டி எடுக்கிறார்.

தேறாத இடம் ஒன்று இருக்கிறது. கேட்டிலிருந்து கதவுக்குக் குறுக்கே எல்லோரும் நடக்கும் தடம். அங்கே மண் மறுபடி இறுகிவிட்டது, புல் கால்பட்டே தேய்கிறது. முள்கரண்டியால் குத்திக் காற்றோட்டம் கொடுத்தும் பார்த்தாயிற்று. அந்தத் தடத்தில் இனிப் புல் போடுவதாக இல்லை. ஹார்ட்வேர் கடையில் சதுரச் சிமெண்டுப் பலகை விற்கிறார்கள். காலடி தூரத்துக்கு ஒன்றாக, மெஷின் தட்டாதபடி புல் மட்டத்துக்குக் கீழே பதிக்க வேண்டும்.